ஈரம் கலந்த அளவை

மேற்றிசை வானில் செம்மை பரந்து, நெடுந்தெருக்களில் ஊர்திகளின் இரைச்சல் புரண்டெழ, பணி முடித்த மாந்தர் தோள் தளர்ந்து இல்லம் நோக்கி விரையும் மாலைப் பொழுதில், மருத்துவமனையின் மேல்மாடத்து ஆய்வறை ஒன்று மட்டும், அவ்வாரவாரத்தோடு தனக்கு உறவே இல்லாதது போல ஒலிபுகாச் சுவர்களுக்குள் அடங்கிக் கிடந்தது. அறிவுசால் வாசகரே, அவ்வறைக்கு உரியவளான மூளையாய்வாளர் ஊணும் உறக்கமும் மறந்து தேடிய விடை ஒன்றே. இறைமறையாம் குர்ஆன் ஓதக் கேட்பவர்க்கு உள்ளத்தின் இறுக்கம் மெய்யாகவே தளர்கிறதா?

அவள் தமையனார் பள்ளிவாசலில் மறையோதுபவர். அவர் குரலில் மறைமொழியையும், அதே அரபு மொழியில் அமைந்த எளிய உரையொன்றையும் பதிந்து, ஒருநாள் ஒன்றும் வேறொருநாள் மற்றொன்றுமாகப் பணி முடிந்து வரும் செவிலியர்க்குக் கேட்பித்து, மின்முனைகள் பதித்த தலையுறையின் வழியே அவர்தம் மூளையலைகளை அளந்தாள். மறை கேட்ட நாள்களில் அவ்வலைகள் காற்றடங்கிய குளம்போல் அமைந்தன. தமையனார் தலைகால் புரியாத மகிழ்ச்சியில் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

முடிவை அறிவிக்கும் கூட்டத்திற்கு முந்திய நாள், வாயிலில் தேங்கிய ஈரத்தைத் துடைக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். மறை கேட்கும் நாளில் மட்டுமே அங்கு ஈரம் இருக்கும். மறைக்குச் செவி கொடுக்குமுன் கையும் முகமும் காலும் கழுவித் தூய்மை செய்துகொள்வது அவள் பிறந்த வீட்டு வழக்கம். மூச்சுவிடுதல்போல் இயல்பாகிப்போன அதனைச் செவிலியரிடமும் வேண்டினாளே தவிர, ஆய்வுக்குள் அதுவும் புகுந்துகொள்ளும் என்று எண்ணவே இல்லை. மற்றை நாள்களில் அவர்கள் வியர்வையோடே வந்தமர்ந்தார்கள். அப்படியாயின் அலைகளை அடக்கியது மறையா, குளிர்ந்த நீரா? அவள் நேரே ஆய்வகத் தலைவரிடம் சென்று கண்டதைச் சொன்னாள்.

"ஓரமா ஒரு குறிப்பு போட்டுடலாம்மா. நாளைக்கு எல்லாரும் வராங்க" என்றார் ஆய்வகத் தலைவர்.

"தப்புன்னு தெரிஞ்சே சொன்னா அது புளுகு ஐயா. கூட்டத்தத் தள்ளி வைங்க. முதல்லேருந்து செய்யறேன்."

தமையனாரோ கொதித்தெழுந்தார். "ஊர் முழுக்கச் சொல்லிட்டேனே! நம்ம மறையவே சந்தேகப்படறியா?"

"மறைய இல்லண்ணா. என் அளவத்தான்."

அவர் விடைபெறாமலே வெளியேறினார். அதன்பின் அவர் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்தப் பாராமுகம் நெஞ்சைச் சுட்டபோதும், எடுத்த செயலைக் கைவிட அவள் ஒருப்படவில்லை. இருவகை நாள்களிலும் எல்லாரும் கழுவி வந்தே அமர வேண்டும் என வகுத்து, மழைக்காலம் முழுவதும் மீண்டும் அளந்தாள். மலையாய்த் தெரிந்த வேறுபாடு சுருங்கியது. ஆயினும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

தள்ளிவைத்த கூட்டம் கூடியது. கடைசி வரிசையில் தமையனார் அமர்ந்திருப்பதைக் கண்டும் அவள் குரல் நடுங்கவில்லை. "முதல்ல எடுத்த அளவு தப்பு. தப்பு என்னோடது. நிறைய அமைதியத் தண்ணியே தந்திருக்கு. மறை கேட்டதால கூடுதலா வந்தது கொஞ்சம்தான்" என்றாள். அவையில் முணுமுணுப்பு எழுந்தது.

யாவரும் கலைந்தபின் தமையனார் அருகில் வந்தார்.

"கொஞ்சம்தானா?"

"கொஞ்சம்தாண்ணா. ஆனா நாளைக்கு யார் வந்து அளந்தாலும் அது நிக்கணும்."

 அவர் மீசையோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஏன்டிம்மா, கழுவிட்டு வான்னு சொன்னதும் மறைதானே? அத ஏன் தனியாப் பிரிச்சே?"

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒருங்கே வந்தன.

உயிரெனப் போற்றும் ஒன்றைத் துலாக்கோலில் இடுவதற்குத் துணிவு வேண்டும். முள் காட்டியதை மிகையின்றி உரைப்பதற்கு அதனினும் பெருந்துணிவு வேண்டும். மறுநாள் தமையனார், முன்பு பெருமை பேசிய வீடுகளுக்கெல்லாம் மீண்டும் நடந்தார். "நான் சொன்ன அளவு இல்லீங்க, கொஞ்சம்தான். என் தங்கச்சி அளந்தது, அதனால நம்பலாம்" என்று ஒவ்வொரு வாயிலிலும் நின்று சொன்னார்.