சிக்காத முள்

மாயாண்டிக்கும் அவன் தங்கை புருஷன் நாகமுத்துவுக்கும் ஆகாது என்பது மலாயாவில் அலோர் காஜா பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை இலையில் கறி குறைந்துபோனதில் ஆரம்பித்த சண்டை. கறி செரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, சண்டைதான் செரிக்கவில்லை. மரியாதைக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. 'வாங்க மாப்பிள்ளை' என்பான் இவன். 'இருக்கட்டும் மச்சான்' என்பான் அவன். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

ரப்பர் விலை படுத்தேபோன வருஷம் அது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் மாயாண்டிக்கு என்ன வாழ்ந்தது? நிலமில்லை, வீடில்லை, மழைகூடச் சரியாக இல்லை. ஒரு நாள் ஆபீஸ் வாசலில், கணக்கெழுதும் பெரிய கிராணி அவனை நிறுத்தினார்.

"பால் வெட்டுறவனையே அனுப்புறாங்கடா. பங்களாவுல நீ ஒருத்தன், ஸ்டோர் இஞ்சின்ல எண்ணெய் ஊத்துறதுக்கு உன் தங்கச்சி புருஷன் ஒருத்தன். ரெண்டு பேருல ஒருத்தன்தான் இங்க இருப்பான். யாருன்னு தொரை மாசக் கடைசியில சொல்லுவாரு."

மாயாண்டி அன்றைக்கே பங்களாப் புல்லை மறுபடியும் ஒரு தடவை வெட்டினான்.

பேருக்குத்தான் அவன் பங்களாத் தோட்டக்காரன். உண்மையான உத்தியோகம் வேறு. பாலைப் பதப்படுத்தும் ரப்பர் ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டும் என்று பள்ளத்தாக்கை மறித்து அணை கட்டியபோது உள்ளே நின்ற மரங்களை யாரும் வெட்டவில்லை. மரமெல்லாம் செத்து, கட்டையும் வேரும் கொடியுமாகத் தண்ணீருக்குள் நின்றன. மேலே தாமரை மண்டிக்கிடந்தது. விராலுக்கு அதைவிடச் சொர்க்கம் ஏது? அந்த விராலைப் பிடிக்கத் துரைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் வெறி பிடிக்கும். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த வெள்ளித் தகட்டுப் பொய்மீன், அதன் வாலில் மூன்று தூண்டில் முள். வீசுவார், அது வேரில் மாட்டும். "மாயாண்டி!" என்று கத்துவார். இவன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, நூலைப் பிடித்துக்கொண்டே முங்கி, முள்ளை விடுவித்துக் கொண்டுவருவான்.

கரையேறினால் உடம்பெல்லாம் அட்டை, பல் தந்தியடிக்கும். நேரே கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில் மூன்றாவது வீட்டுக்குப் போவான். தங்கை ராமாத்தாள் சுக்குக் காப்பியை அடுப்பிலேயே வைத்திருப்பாள். பெண்டாட்டி காய்ச்சலில் போனபிறகு அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளைத் தூக்கி வளர்த்தவனும் அவன்தான்.

நாகமுத்து சும்மா இருப்பானா? அவனும் கிராணியிடம் சேதி கேட்டவன்தானே. முள் மாட்டாமல் வந்துவிட்டால் மாயாண்டி எதற்கு என்று கணக்குப் போட்டான். ஈயத்தை உருக்கித் தலை வைத்து, சேவல் இறகைக் கட்டி, மூன்று விதமாக முள் செய்து பங்களாவுக்குக் கொண்டுபோனான்.

"தொரே, இது வேருல மாட்டாது," என்றான்.

துரை மூன்றையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தார். பிறகு மாயாண்டியைக் கூப்பிட்டார். "நீ தண்ணிக்குள்ளே போற ஆள். எது நல்லது? சொல்லு."

மாயாண்டி குனிந்து பார்த்தான். மூன்றிலும் முள்ளின் கூருக்கு முன்னால் காவல் ஒன்று நின்றது. முதலாவதில் தென்னை ஈர்க்கு. தண்ணீரில் ஊறினால் துவண்டுவிடும். இரண்டாவதில் தடித்த குடைக்கம்பி. அதில் வேர் மாட்டாது, மீனும் மாட்டாது. மீன் வாயை மூடினாலும் கம்பி மடங்காமல் கூரை மறைத்துக்கொண்டே நிற்கும். மூன்றாவதில் பழைய சைக்கிளின் பிரேக் கம்பியைப் பிரித்து எடுத்த மெல்லிய இழைகள், தூரிகை மாதிரி நின்றன. கட்டைவிரலால் அழுத்தினான். இழைகள் வளைந்தன, கூர் எட்டிப் பார்த்தது. விரலை எடுத்ததும் நிமிர்ந்து மூடிக்கொண்டன. வேரின்மேல் வழுக்கிப்போகும், மீன் கடித்தால் விட்டுக்கொடுக்கும். பாவி, சரியாகத்தான் செய்திருந்தான்.

"இதுதான் தொரே," என்று குடைக்கம்பி வைத்ததை எடுத்து நீட்டினான்.

நாகமுத்து சிரித்தான். "மச்சான் மீனு பக்கம் பேசுறாரு தொரே. அதுவும் பொழைக்கணுமில்ல?"

ஞாயிறன்று துரை குடைக்கம்பியைத்தான் முதலில் வீசினார். அது எதிலும் மாட்டவில்லை. கடித்த விராலெல்லாம் உதறிவிட்டுப் போயின. "சரி, அடுத்த ஞாயிறு அந்த மூணாவது," என்று சொல்லிவிட்டுத் துரை எழுந்துகொண்டார். அன்று காலை முழுக்க மாயாண்டியை யாரும் தண்ணீரில் இறங்கச் சொல்லவில்லை. சட்டை நனையாமல் நின்றது அவனுக்குப் பயமாக இருந்தது.

வழியில் நாகமுத்து சேர்ந்து நடந்தான். "நனையவே இல்ல போல மச்சான்? ஒடம்புக்கு நல்லதுதான். கப்பல்ல வேற காத்து ஜில்லுன்னு அடிக்குமாம், பாத்துப் போயிட்டு வாங்க."

"யாரு போறாங்கன்னு பாப்போம் மாப்பிள்ளை," என்றான் மாயாண்டி.

சனிக்கிழமை மத்தியானம் துரையின் முள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் போட்டுத் துடைப்பது மாயாண்டியின் வழக்கம். அன்றைக்கும் கொண்டுவந்தான். மூன்றாவது முள்ளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான். இழைகளை முழுக்க வெட்டினால் தெரிந்துவிடும். கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் பாதி பாதியாக வெட்டிவிட்டால் நாலு வேரில் உரசியதும் தானே ஒடிந்துவிடும். பால்வெட்டுக் கத்தி அந்த இடுக்கில் நுழையாது. எழுந்து தங்கை வீட்டுக்குப் போனான். நாகமுத்து ஸ்டோரில் இருந்தான்.

"ஆத்தா, பாக்குவெட்டியக் கொஞ்சம் குடு. பாக்கு கெட்டியா இருக்கு."

ராமாத்தாள் இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டு எடுத்துக் கொடுத்தாள். பித்தளைப் பிடி போட்டது. அவர்கள் அம்மா கப்பலில் கூடவே கொண்டுவந்தது. "பத்திரம் அண்ணே. அம்மா சாமான்," என்றாள். "சோறு இருக்கு, தின்னுட்டுப் போயேன்."

"வேண்டாம்."

நாகமுத்துவை அனுப்பினால் இவளும் போவாளே என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. அதற்கும் பதில் வைத்திருந்தான். அண்ணன் இருக்கையில் தங்கை எதற்குப் பஞ்சத்துக்குப் போக வேண்டும்? அவன் போய்த் தொலையட்டும், இவளும் குழந்தையும் என்னோடு இருக்கட்டும், விலை ஏறினால் அவன் திரும்பி வரட்டும். இப்படித்தான் நினைத்தான், அதை முழுசாக நம்பவும் செய்தான். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் தன் வீட்டுப் பிள்ளை என்று நம்புகிற அண்ணன்மாருக்கு நம்மிடையே பஞ்சமா என்ன?

உருக்கு இழை சுலபத்தில் வெட்டுப்படவில்லை. பாக்குவெட்டி கிறீச்சிட்டது. வேலை முடிந்தபோது அதன் வாயில் ஒரு நெல்லளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது என்று துடைத்து, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை துரை செத்த மரங்களுக்கு நடுவே முள்ளை வீசினார். அது கட்டைகளின்மேல் ஏறி இறங்கிச் சுத்தமாக வந்தது. இன்னொரு தடவை தாமரைக்குள்ளேயே வீசினார். அப்போதும் வந்தது. நாகமுத்து மாயாண்டியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான். மாயாண்டி முகத்தில் ஈயாடவில்லை. அதற்கடுத்த வீச்சில் நூல் விறைத்து நின்றது. துரை இழுத்தார். அசையவில்லை.

மாயாண்டி பழக்கத்தில் சட்டைப் பித்தானில் கைவைத்தான்.

"நீ இல்லே," என்றார் துரை. முகம் சிவந்திருந்தது. "மாட்டாதுன்னு சொன்னவன் போகட்டும். உன் முள்ளு, நீ எடு!"

நாகமுத்துவுக்கு நீச்சல் அரைகுறை. ஆனால் மச்சான் பார்க்கிறான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினான். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. பிறகு கால் எதிலோ இடறியது, ஆளைக் காணோம். தாமரை இலைகள் ஆடின. ஒரு கை மேலே வந்து, கொடியைப் பிடித்து, கொடியோடு உள்ளே போனது.

உள்ளதைச் சொன்னால் மாயாண்டி அப்போது நின்றான். போ, அப்படியே போ என்று மனசு சொன்னது. அந்த நினைப்பு இனித்தது. சட்டென்று ராமாத்தாளின் வெறும் நெற்றி கண்முன் வந்ததும் சட்டையோடு குதித்தான். முங்கி, நாகமுத்துவின் காலைச் சுற்றியிருந்த கொடியை அறுத்து, முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்து போட்டான். உடனே மறுபடி முங்கி முள்ளையும் விடுவித்துக் கொண்டுவந்தான். பழக்கம் எங்கே போகும்?

நாகமுத்து மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தான். துரை முள்ளைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். காவல் இழைகள் ஒடிந்து கூர் காவலில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. "குப்பை," என்று சொல்லி அதை நாகமுத்துமேல் எறிந்தார். பெட்டியைத் திறந்து பழைய வெள்ளித் தகட்டை எடுத்தார். "இதுவே போதும். மாட்டினா மாயாண்டி இருக்கான்."

மாசக் கடைசியில், பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்கையில் கிராணி கூவினார். நாகமுத்து, பெண்டாட்டி, பிள்ளை. நாளைக்கு லோரி வரும், தம்பின் ஸ்டேஷனுக்கு.

மாயாண்டி அன்று சாயந்தரமே ஓடினான். ராமாத்தாள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நாகமுத்து வீட்டில் இல்லை.

"நீ எதுக்கு ஆத்தா போற? கிராணிகிட்ட நான் பேசுறேன். நீயும் புள்ளையும் என்கூட இருங்க."

அவள் பாக்குவெட்டியை எடுத்தாள். ஒரு பாக்கை வைத்து நறுக்கினாள். பாக்கு துண்டாகவில்லை, நடுவில் ஒரு நார் தொங்கியது. பாக்குவெட்டியின் வாயை அவன் முன்னால் நீட்டினாள்.

"இதுல பல்லு எப்படி விழுந்திச்சு அண்ணே? பாக்கு வெட்டினா விழுமா?"

மாயாண்டி அதை வாங்கக் கை நீட்டினான், அவள் விடவில்லை.

"அன்னைக்கு ஈர வேட்டியோட அந்த முள்ளையும் கொண்டாந்து போட்டாரு. கம்பி பாதி ஒடிஞ்சிருக்கு, பாதி வெட்டுப்பட்டிருக்கு. 'இஞ்சின்ல சூடு பட்டு நொந்திருக்கும், என் தப்புதான் புள்ளே'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. நான் மறுநா பாக்கு வெட்ட உக்காந்தேன். அப்பத் தெரிஞ்சிச்சு."

"அவன்கிட்ட..."

"சொல்லல. சொன்னா உன்ன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருவாரு. எனக்கு என் புருஷன் வேணும்."

"தண்ணிக்குள்ள இருந்து அவனத் தூக்கினது நான்தானே ஆத்தா!"

"தள்ளினதும் நீதான்." அவள் குரல் ஏறவே இல்லை. பாக்குவெட்டியை அவன் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "இத நான் ஊருக்குக் கொண்டுபோக மாட்டேன். நீயே வச்சுக்க. எனக்கு அண்ணன் செத்துப்போயிட்டான்."

லோரி ஏறும்போது நாகமுத்துதான் திரும்பிப் பார்த்தான். "வர்றேன் மச்சான். உசுரக் காப்பாத்தினீங்க, மறக்க மாட்டேன்," என்றான். இந்த ஒரு தடவை பல்லைக் கடிக்காமல் சொன்னான். ராமாத்தாள் குழந்தையின் முகத்தையும் சேர்த்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு வெள்ளித் தகடு மூன்று முள்ளாலும் ஒரு வேரைக் கவ்விக்கொண்டது. துரை சலித்துக்கொண்டார். "சே! அந்தக் கம்பி வெச்ச முள்ளு நல்லாத்தானே வந்துச்சு? ரெண்டு தடவை சுத்தமா வந்துச்சு. இன்னொண்ணு செய்யச் சொல்லு. எங்கே அந்த ஆள்?"

"ஊருக்கு அனுப்பிட்டீங்க தொரே."

"ஓ," என்றார் துரை. "சரி, இறங்கு."

மாயாண்டி இறங்கினான். முங்கி முள்ளை எடுத்துக் கொடுத்தான். கரையேறியபோது குளிர் எலும்பில் ஏறியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு நடந்தான். கால் தன்பாட்டுக்கு மூன்றாவது வீட்டின் முன்னால் போய் நின்றது. கதவில் பூட்டுத் தொங்கியது.