வெறும் துண்டில் முளைத்த கம்பி

என்னைப்போல் ஓர் அசடு இந்த ஆய்வகத்திலேயே கிடையாது. இல்லாவிட்டால் நாளைக்குப் பட்டம் வாங்கப் போகிறவள் இன்றைக்குப் போய் இப்படி ஒரு வேலை பார்ப்பாளா?

நானோ கம்பி வளர்ப்பது என் ஆராய்ச்சி. சிலிக்கன் துண்டின்மேல் பொட்டுப் பொட்டாகத் தங்கம் வைத்து, சூடான உலையின் கண்ணாடிக் குழாய்க்குள் வாயுவைச் செலுத்தினால், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் முளைக்கும். ஆனால் தங்கம் சிலிக்கனுக்குள் கசிந்து மின்கருவியைக் கெடுத்துவிடும். அதனால் தங்கத்துக்குப் பதில் வெள்ளீயம். ஆறு வருடம் மல்லுக்கட்டி, போன மாதம்தான் முளைத்தது. நாளைக்குத் தேர்வாளர் முன்னால் ஒருமுறை வளர்த்துக் காட்டினால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். என் மகன் இரண்டு வருடமாக என்னைப் போனில்தான் பார்க்கிறான்.

சும்மா இருந்திருக்கலாம். எந்த உலோகமும் வைக்காத வெறும் துண்டு ஒன்றையும் உலையில் வைத்துப் பார்த்தேன். அதிலும் கம்பி, மொசமொசவென்று. அப்படியானால் போன மாதம் முளைக்க வைத்தது என் வெள்ளீயம்தானா?

உலையைக் கவனிக்கும் அக்காவிடம் ஓடினேன். “இந்தக் குழாய்ல முன்னாடி என்னக்கா ஓட்டினாங்க?”

“தங்கம்தான். குழாயோட உள்சுவரெல்லாம் ஒட்டியிருக்கும். மாத்தணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன். நல்லா வேலை செய்யுது, தொடாதீங்கன்னுட்டார் சார்.”

அந்த சாரிடமே, என் பேராசிரியரிடமே, போய்ச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “வெறும் துண்டு வைக்கச் சொல்லி உன்னை யாரும்மா கேட்டா? வளர்த்துக் காட்டிட்டு ஊருக்குப் போய்ப் புள்ளையப் பாரு. புதுக் குழாய்னா மறுபடி முதல்லேர்ந்துதான். உன் இஷ்டம்.”

இஷ்டமாம்! அட பாவி மனுஷா.

உலை ஆறிக் கிடந்தது. அந்தக் குழாய் இருக்கும்வரை, விடிந்ததும் நான் வளர்த்துக் காட்டிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதை உருவி எடுத்தேன். கீழே போட்டேன். சுக்குநூறாகிவிட்டது.

அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

“கை தவறிடுச்சுக்கா.”

“தவறல. பாத்துட்டுதான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டுப் பெருக்க ஆரம்பித்தார்.

கணவர் போன் செய்தார். “டிக்கெட் போட்டுடவா?”

“வேணாங்க.”

அவர் போனை மகனிடம் கொடுத்துவிட்டார்.

“நாளைக்கு வரலையாம்மா?”

“அம்மா இங்க மாட்டிக்கிட்டேன்டா கண்ணா.”

“கதவப் பூட்டிட்டாங்களா?”

“பூட்டலடா.”



“அப்போ நீயாத்தான் வரலையா?”

“ஆமாடா” என்றேன்.