ஒத்துக்கல

1

“எறா ஒத்துக்கலன்னா ஒடம்புல தடிக்கும், சரி. கய்த்துல எதுக்கு ஜெபா ஊதுது?”

பக்கத்து வீட்டுக் கோமளாக்கா ஒருமுறை கேட்டது இது. அதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. இதை எழுதுகிறவளும் அந்த ஜெபாதான். ‘நான்’ என்று எழுதக் கூச்சம். அதனால் தன்னையும் ஓர் ஆளாக உள்ளே நிறுத்தியிருக்கிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம்: சென்னீர்குப்பத்தில் கோமளா என்றொரு பெண்

(வேண்டாம். யாரோ செத்துப்போனதுபோல இருக்கிறது.)

இன்னொன்று: மே மாத வெயிலில் கோமளாக்கா போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

இது இருக்கட்டும். இது நடந்தது.

2

பூந்தமல்லி டாக்டரம்மாவிடம் துணைக்குப் போனவள் ஜெபா. அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குது. அதான் கழுத்துல வீக்கம், குளிர், அசதி. இறால் அலர்ஜி வேற விஷயம். ரெண்டும் ஒரே ஆளுக்கு வரலாம். ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. இறாலை நிறுத்துங்க. தைராய்டுக்குத் தர்ற மாத்திரையை நிறுத்தாதீங்க.”

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கோமளாக்கா கேட்டாள்: “என் ஒடம்பே என்னை ஒத்துக்கலியாமா?”

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. எறா உடம்புக்கு ஒத்துக்கல. உடம்பு உடம்பையே ஒத்துக்கல. பெண்டாட்டிக்கு நோய் என்பதை அவள் புருஷன் திருமுருகன் ஒத்துக்கல. சொல் ஒன்றுதான். விஷயமும் ஒன்றா? ஜெபாவுக்குத் தெரியவில்லை.

3

எறா நின்றது. போனில் யாரோ சொன்னார்கள் என்று கோதுமை நின்றது. பிறகு பால், முட்டை.

ஆவடியில் கான்ட்ராக்ட் வேலை முடிந்து வந்த திருமுருகன், “எல்லாம் வாணாம்னா இன்னாதான் துன்னுவ? ஏசி காத்தா?” என்றான்.

“நம்ம ஊட்ல ஏசி எங்க கீது?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். (அவனைக் கெட்டவனாக எழுதப் பார்த்தாள் ஜெபா. வரவில்லை.)

அப்புறம் ஒரு காலையில் மாத்திரையும் நின்றது.

“அதுவும் வாய் வழியாத்தான போவுது? எது ஒத்துக்கலன்னு தெரியற வரைக்கும் எதுவும் வாணாம்” என்றாள் கோமளாக்கா.

“அக்கா, அதை மட்டும் நிறுத்தக்கூடாதுன்னாங்களே.”

“உறுதியாத் தெரியலன்னும் அவங்கதான சொன்னாங்க? நீயும் கேட்டுகினுதான இருந்த.”

ஜெபா கேட்டாள்தான். எதனால் வந்தது என்று தெரியாதது வேறு, மாத்திரை வேண்டும் என்று தெரிந்தது வேறு என்று எப்படிச் சொல்வது? இப்போது அக்காவின் முகம் உப்பி, குரல் கம்மிவிட்டது. மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

4

முடிவு ஒன்று: மாத்திரை போட்டாள், தேறினாள். (இன்னும் நடக்கவில்லை. எழுதினால் பொய்.)

முடிவு இரண்டு: ஒருநாள் திருமுருகன் எழுப்பியபோது கோமளாக்கா

இதற்கு மேல் கை போகவில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். உங்களுக்கும் போகாது என்று நினைக்கிறாள்.

அதனால் நேற்று மத்தியானம் கோமளாக்காவுக்கே படித்துக் காட்டினாள். யாருக்காவது படித்துக் காட்டியது அதுவே முதல் தடவை.

“‘உட்கார்ந்திருந்தாள்’னு எய்திக்கிறியே, நானா அது? பெரிய எடத்துப் பொம்பள மாரி கீது.”

பாதியில் நின்ற வரி வந்தது. ஜெபாவும் அங்கேயே நிறுத்தினாள்.

“அப்பால?”

“அவ்வளவுதான்க்கா. நீ மாத்திரை போட்டா வேற மாதிரி எழுதலாம்.”

கோமளாக்கா அவளையே பார்த்தாள். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். வெளியே போனாள். மாத்திரை போடவா போனாள் என்று ஜெபாவுக்குத் தெரியாது; அந்த வரி இன்னும் பாதியிலேயே நிற்கிறது.