தீக்குச்சித் தலையளவு கிரீஸ்

மாமனார் கொடுத்த பழைய கார் அதே மேட்டில் மூன்றாவது முறையாக நின்றபோது, மாப்பிள்ளையின் மானமும் அங்கேயே நின்றுவிட்டது. பின் சீட்டிலிருந்த மாமனார் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் மாப்ள. அன்னைக்கும் நின்னுச்சுன்னா, வண்டி என் பையன் வீட்டுக்குப் போயிடும்."

மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்பவர் அவர். எங்கே சத்தம் வந்தாலும் கிரீஸை அள்ளி அப்புவார். கை அவ்வளவு தாராளம்.

சனிக்கிழமை அவர் மனைவி பானெட்டைத் திறந்தாள். பிறந்த வீட்டில் அவளை அந்தப் பக்கமே அண்ட விட்டதில்லை. ஸ்பேனரெல்லாம் தம்பி கைக்குத்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரே பிசுக்கு.

"இதுக்குள்ள எந்த கிரீஸ்ங்க வச்சீங்க?"

"சக்கரத்துக்கு வைக்கிறதுதான். கீச்சு கீச்சுன்னு கத்துச்சு, நல்லா அப்பிட்டேன்."

"அப்பிட்டீங்களா! அது சூட்டுல உருகி, சுத்துற வேகத்துல தெறிச்சு, கரண்ட்டைத் தொட்டுத் தொட்டு விடுற பாயிண்ட் மேல போய் உட்கார்ந்திருக்கு. அப்புறம் பொறி எங்கேருந்து வரும்?"

"அப்போ கிரீஸே வேணாமா?"

"வேணும். இல்லேன்னா உரசி உரசித் தேஞ்சுடும். எந்த கிரீஸ், எவ்வளவு, அதுதான் விஷயம்."

கடைக்குப் போய் இரண்டு வகை வாங்கி வந்தாள். இரண்டுமே சூடு தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாராம். அவளா நம்புகிற ஆள்? பழைய இரும்பு வாணலியில் அவற்றையும் வீட்டிலிருந்த சக்கர கிரீஸையும் ஒவ்வொரு பொட்டு வைத்து, சிறு தீயில் சாய்த்துப் பிடித்தாள். சக்கர கிரீஸ் தண்ணீராய் ஓடியது. அடுத்தது வியர்த்து, வழுக்கி இறங்கியது. மூன்றாவது வைத்த இடத்திலேயே அசையாமல் இருந்தது. அடேயப்பா! மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இத்தனை வருஷமாக இப்படி ஒரு மூளையோடா குடித்தனம் நடத்துகிறோம் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பாயிண்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட்டு, சுழலும் தண்டு உரசும் இடத்தில் தீக்குச்சித் தலையளவு கிரீஸ் தடவினாள். இன்னும் கொஞ்சம் வைக்க அவர் விரலை நீட்ட, கையிலேயே ஒன்று போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரே ஓட்டினார்; மகளும் மாப்பிள்ளையும் பின் சீட்டில். மேடு வந்ததும் மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் ஒரு திணறல்கூட இல்லாமல் உச்சிக்கு ஏறியது.

"பிரமாதம் மாப்ள! கை வச்சா இப்படி வைக்கணும்!"

பாராட்டைக் கமுக்கமாக வாங்கிக்கொண்டிருக்கலாம். மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் கை வச்சதாலதான் மாமா மூணு தடவை நின்னுச்சு. இது உங்க பொண்ணு வேலை."

மாமனார் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அந்தத் துளி கிரீஸ் இடத்தை விட்டு நகரவில்லை. பாயிண்ட் பளிச்சென்று இருந்தது.

"யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதாம்பா. தம்பிக்குச் சொல்லிக் குடுப்பீங்களே, அப்பல்லாம் நான் சன்னல் பக்கத்துல நின்னுட்டிருப்பேன்."

மாமனார் மூடியை மாட்டிவிட்டு வந்து, கார் சாவியை மகள் கையில் வைத்தார்.

"நீ ஓட்டும்மா. வண்டி உன்னோடது."

சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்தார். அங்கே மாப்பிள்ளை ஏற்கெனவே நகர்ந்து இடம் விட்டிருந்தார்.