சீட்டில் இல்லாத பெயர்

சூர்யநாராயணன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார் என்று எழுதினால், அது இன்னொரு பொய்யாகிவிடும். எல்லாரையும் போல அவரும் சொல்லியிருக்கிறார். இனிப்பை விட்டுவிட்டதாக மனைவி திரிபுரசுந்தரியிடம் சொல்லிவிட்டுக் கல்லூரி கேன்டீனில் ஜாங்கிரி தின்றிருக்கிறார். வகுப்புக்குத் தாமதமாகப் போனால் பழியை ஜி.எஸ்.டி. சாலை நெரிசல்மேல் போட்டிருக்கிறார். ஆனால் உட்கார்ந்து, கணக்குப் போட்டு, விடையை இரண்டு தரம் சரிபார்த்து, அதற்குப் பிறகு சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஊரப்பாக்கத்தில் செல்வமேரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சூர்யநாராயணன் கணிதத் துறைத் தலைவர். செல்வமேரி அதே கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. பல்கலைக்கழகத்தில் எந்த முடிவாக இருந்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் சிண்டிகேட். அந்தச் சபையில் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி உண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். இந்த முறை இரண்டு பேருமே மனு போட்டார்கள். மூன்றாவதாக இன்னொரு கல்லூரியிலிருந்து உமேஷ் என்று ஒரு சுறுசுறுப்பான இளைஞன் நின்றான்.

சூர்யநாராயணன் ஏன் நின்றார் என்பதற்கு அவர் வீட்டு வாசலைப் பார்த்தால் போதும். சிட்லபாக்கத்தில் கேட்டை ஒட்டிய சுவரில் கருப்பு கிரானைட்டில் அவர் பெயர், அதன் கீழே பட்டங்கள், அதன் கீழே ஒரு வரி அளவுக்கு வெறும் இடம். பத்து வருடத்துக்கு முன்னால் கல் பதித்தபோது, கல்லூரி முதல்வர் பதவி வரும் என்று நம்பி விட்டுவைத்த இடம் அது. பதவி அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போய்விட்டது. "அந்த எடத்துல ஒரு பிள்ளையாரையாவது ஒட்டிடலாமா?" என்று திரிபுரசுந்தரி அவ்வப்போது கேட்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

செல்வமேரி நின்றது ஜான்சிக்காக. ஜான்சி அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பெண். சிட்லபாக்கம் ஏரியின் நத்தைகள்தான் ஆய்வுப் பொருள். காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போகிற சூர்யநாராயணன், முழங்கால்வரை சேறும் கையில் பிளாஸ்டிக் வாளியுமாக அவளைப் பல வருடம் பார்த்திருக்கிறார். நடுவில் அவளுடைய அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையானார். இரண்டு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்து ஆய்வேட்டை எழுதி முடித்தபோது, பல்கலைக்கழகம் கொடுத்த கெடு ஐந்து மாதம் தாண்டியிருந்தது. விலக்கு கொடுக்கும் அதிகாரம் சிண்டிகேட்டுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் ஒருவர் எடுத்துப் பேசினால் கோப்பு நகரும். பேச யாரும் இல்லாததால் அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தத் தேர்தலில் பிடித்தவர் பெயருக்கு நேரே ஒரு குத்துக் குத்திவிட்டு வர முடியாது. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். எண்ணிக்கையில் கடைசியாக வரும் வேட்பாளரை நீக்கும்போது அவருக்கு 1 போட்ட வாக்குச் சீட்டுகள் வீணாகாது. அவற்றில் 2 யாருக்கோ அவர் கணக்கில் போய்ச் சேரும். அதனால் இரண்டு நல்லவர்கள் நின்றால் ஓட்டு பிரிந்து மூன்றாமவர் ஜெயித்துவிடுவார் என்ற பயமே இதில் வேண்டாம். இதைச் சூர்யநாராயணன் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லூரி வாரியாக யார் யாருக்குப் போடுவார்கள் என்று அட்டவணை போட்டுக் கூட்டிப் பார்த்தார். மேலே செல்வமேரி, நடுவில் உமேஷ், அடியில் அவர். அவரை நீக்கினால் அவருடைய சீட்டுகள் பெரும்பாலும் செல்வமேரிக்குப் போகும். செல்வமேரி சுலபமாக ஜெயிப்பார். மறுபடி கூட்டினார். அதே விடை. முப்பத்தொரு வருட சர்வீஸ், வருகிற மே மாதத்துக்கு அடுத்த மே ஓய்வு, வாசல் கல்லில் ஒரு வரி காலி. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்தார். செல்வமேரி போட்டியிலிருந்து விலகுவதாகப் பதிவாளருக்கு எழுதுகிற கடிதம்!

மறுநாள் சாயங்காலம் ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறினார். செல்வமேரி வீட்டுக் கூடத்தில், அதே ஊர்க்காரியான ஜான்சி ஆய்வேட்டைப் பரப்பிவைத்துப் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரே காலேஜ்ல ரெண்டு பேர் நின்னா ஓட்டு பிரிஞ்சிடும்" என்றார் சூர்யநாராயணன். "உமேஷ் நோகாம ஜெயிச்சிட்டுப் போயிடுவான். யாராவது ஒருத்தர் விலகறதுதான் நல்லது."

செல்வமேரி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "பிரிஞ்சிடுமா சார்?"

"பிரியாம? கணக்கு வாத்தியார் சொல்றேன்."

"அப்ப ஜான்சி விஷயம்?"

"முதல் மீட்டிங்லயே எடுக்கறேன். அது என் பொறுப்பு."

கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். செல்வமேரி நிதானமாகப் படித்தார். திருப்பி இன்னொரு முறை படித்தார். "பேனாவும் கொண்டு வந்திருப்பீங்களே சார்" என்றார். கொண்டுதான் வந்திருந்தார்.

ஜான்சி எழுந்து வந்து கைகூப்பினாள். "சார், எனக்காக ரெண்டு பேரும் இவ்ளோ பண்றீங்க. எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் சூர்யநாராயணன். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

மறுநாள் விலங்கியல் லேப் அட்டெண்டர் குப்பன் மாடிப்படியில் அவரை மடக்கினார். "இன்னா சார், மேடம் வாபஸ் வாங்கிகினாங்களாமே? எல்லா காலேஜ்லயும் அவங்க பேருதான சார் ஓடிகினு கீது! நின்னா ஜெயிச்சிருப்பாங்க."

"அவங்களாத்தான் விலகினாங்க குப்பன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறினார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அலைந்தார். செங்கல்பட்டிலிருந்து கிண்டிவரை ஒரு கல்லூரி பாக்கியில்லை. எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். "மேடம் ஏன் சார் விலகினாங்க?" என்று தவறாமல் கேட்டார்கள். சொந்த வேலை, உடம்பு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார். எந்தக் கல்லூரியில் எதைச் சொன்னோம் என்று அவருக்கே பிறகு குழம்பிவிட்டது.

வாக்கு எண்ணிக்கை பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் தேர்தல் அலுவலர், எதிர்ப்பக்கம் சூர்யநாராயணனும் உமேஷும். ஒவ்வொரு சீட்டையும் பிரித்து இருவருக்கும் காட்டிவிட்டு அந்தந்தக் கட்டோடு சேர்த்தார்கள். பதினேழாவதோ பதினெட்டாவதோ சீட்டில் அலுவலரின் கை நின்றது.

அச்சடித்திருந்த இரண்டு பெயர்களுக்கும் நேரே எதுவும் இல்லை. கீழே வெள்ளை இடத்தில் பேனாவால் 'செல்வமேரி' என்று எழுதி, பக்கத்தில் 1 போட்டிருந்தது.

"செல்லாது" என்று ஓரமாக வைத்தார் அலுவலர்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக மூன்று. ஒன்றில் முனைவர் பட்டம், இனிஷியல் எல்லாம் சேர்த்து எழுதியிருந்தது. ஒன்றில் விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மையில் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு. அத்தனை பேரும் பேராசிரியர்கள். கேள்வித்தாளின் குறிப்பைப் படிக்காமல் எழுதிய பிள்ளைகளுக்கு வருடாவருடம் மார்க்கை வெட்டுகிறவர்கள். சீட்டில் இல்லாத பெயரை எழுதினால் ஓட்டு செல்லாது என்று தெரியாமலா எழுதியிருப்பார்கள்? நன்றாகத் தெரிந்துதான் எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில் எண்ணே இல்லை. 'அவர் விலகியது ஏன்?' என்று மட்டும் இருந்தது. அலுவலர் அதையும் இருவருக்கும் பொதுவாகத் தூக்கிக் காட்டினார். சூர்யநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

உமேஷ் நூற்று எழுபத்தொன்று. சூர்யநாராயணன் நூற்று அறுபத்து மூன்று. செல்லாதவை இருபத்தேழு, அவற்றில் இருபத்து மூன்று செல்வமேரியின் பெயரைச் சுமந்தவை. எட்டு ஓட்டில் தோற்றிருந்தார். செல்வமேரி நின்றிருந்தால் அந்த இருபத்து மூன்றும் செல்லும். செல்வமேரி உள்ளே போயிருப்பார், ஜான்சியின் கோப்பு நகர்ந்திருக்கும். தனக்கும் எதுவும் குறைந்திருக்காது, மூன்றாவதாக வந்து மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கைகுலுக்க வந்த உமேஷிடம் ஜான்சி விஷயத்தைச் சொன்னார். உமேஷ் பொறுமையாகத்தான் கேட்டான். "பார்க்கலாம் சார். ஒருத்தருக்கு விலக்கு குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க. அதான் யோசனையா இருக்கு" என்றான். இரண்டு மாதம் கழித்து, ஆய்வுப் பதிவு ரத்து செய்யப்படுகிறது என்று ஜான்சிக்கு மூன்று வரியில் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தின் நகலைக் குப்பன்தான் கொண்டுவந்து காட்டினார். அன்று வகுப்பு முடிந்ததும் சூர்யநாராயணன் விலங்கியல் லேபுக்குப் போனார். செல்வமேரி கண்ணாடிக் குப்பிகளில் ஒட்டியிருந்த பழைய லேபிள்களை ஈரத்துணியால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ஜான்சி சேகரித்த நத்தைகள். இனி அந்தக் குப்பிகள் வேறு யாருக்காவது வேண்டும்.

உட்காரச் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. "மேடம், ஓட்டு பிரியாது. எனக்கு அப்பவே தெரியும். நீங்க நின்னிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க. கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

துணி நிற்கவில்லை. "தெரியும் சார்."

"எப்போ?"

"அன்னைக்கே. தேர்தல் நோட்டீஸ்ல அஞ்சாம் பக்கத்துலயே போட்டிருக்கே. நாங்களும் கொஞ்சம் எண்ணுவோம் சார், நத்தைதான்னாலும்."

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

செல்வமேரி குப்பியை மேசைமேல் வைத்தார். "உங்களோட சண்டை போட்டு ஜெயிச்சிருக்கலாம். நீங்க நல்லவர்னு நெனச்சேன். நல்லவர் ஒருத்தர் இவ்ளோ பெரிய பொய் சொல்லி ஒரு எடத்தை வாங்கினா, அது மனசை அறுத்துக்கிட்டே இருக்கும். அந்த உறுத்தல்லயே ஜான்சி வேலையை எப்படியும் முடிச்சிடுவீங்கன்னு கணக்குப் போட்டேன். என்னைவிட நீங்க இன்னும் மும்முரமா முடிப்பீங்கன்னு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க தோப்பீங்கன்னு நான் நெனைக்கல சார். அந்த எடத்துல என் கணக்கும் தப்பு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சூர்யநாராயணன் தாங்கியிருப்பார். அவர் தன் தவறை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி சொன்னதுதான் தாங்கவில்லை.

"அடுத்த தடவை நீங்க..."

"அடுத்தது மூணு வருஷம் கழிச்சு. நான் ரெண்டு வருஷத்துல ரிடயர்."

சூர்யநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜான்சிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். மன்னிப்புக் கேக்கறேன்."

"வேணாம்" என்றார் செல்வமேரி. அன்று முதல்முறையாக அவர் குரல் ஏறியது. "சொல்லிட்டா உங்களுக்கு பாரம் எறங்கிடும். அவளுக்கு என்ன கெடைக்கும்? ஆறு வருஷமா அந்தச் சேத்துல நின்னவ சார். தனக்காக ஒரு பெரிய மனுஷர் நின்னு தோத்துப்போனார்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அது ஒண்ணுதான் அவ கையில மிச்சம். அதையும் பிடுங்காதீங்க."

ஜான்சி இப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கிழக்கே போவாள். சூர்யநாராயணன் அதே பாலத்தில் மேற்கே போவார். பேருந்தில் சுற்றிக்கொண்டு போகலாம்தான். ஒரு வாரம் போயும் பார்த்தார். பிறகு பாலத்துக்கே திரும்பிவிட்டார். தனக்கு இவ்வளவாவது வேண்டும் என்று தோன்றியது.

காலை எட்டே முக்கால் கூட்டத்தில் அவள் எங்கிருந்தாலும் அவரைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆட்களை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வருவாள். நேற்று அவளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தியும் கூட இருந்தாள்.

"இவங்கதான்டி சூர்யநாராயணன் சார்" என்று அவளிடம் சொன்னாள் ஜான்சி. "எனக்காக எலக்ஷன்லயே நின்னாங்க."

அந்தப் பெண் மரியாதையாக வணக்கம் சொன்னாள். சூர்யநாராயணனும் கைகூப்பினார். ஜான்சி சிரித்துக்கொண்டே படியிறங்கிக் கூட்டத்தில் மறைகிறவரை, கூப்பிய கையை அவர் இறக்கவில்லை.