பஸ் மூஞ்சி என்ஜினின் காற்றுத் தொட்டி

இரண்டு படுக்கையறை உள்ள குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, ஒன்றில் மகள் வைஷாலி உட்கார்ந்து படிப்பாள் என்று லோகநாயகி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். பாவம், ஏமாந்த ஜன்மம். குடிவந்த வாரமே அந்த அறைக்குள் ஒரு நீள மேஜை போனது. அதன்மேல் பொருளைக் கவ்விப் பிடிக்கும் குட்டி வைஸ், சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, பல் டாக்டர் வேண்டாமென்று கொடுத்த துருவு ஊசிகள் எல்லாம் ஏறின. கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று ஒரு அட்டையும் தொங்கியது. வைஷாலி தன் ப்ளஸ் டூ பாடங்களை ஹாலில், ஒரு பக்கம் மிக்சி கத்த, மறுபக்கம் டிவி சீரியலில் யாராவது அழ, சாப்பாட்டு மேஜையில் படித்தாள்.

அறையைப் பிடித்துக்கொண்டவர் அவளுடைய அப்பா பாலசுப்ரமணியன். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி விஞ்ஞானி. ஆபீசில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது" என்று வாயை மூடிக்கொள்வார். ரயில் என்ஜின் மாடல்களைப் பற்றிக் கேட்காமலே ஆரம்பித்துவிடுவார், நிறுத்தத்தான் ஆள் வேண்டும். நிஜ என்ஜினை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, கடையில் ஒரு பாகம்கூட வாங்காமல், தகடும் கம்பியும் வெட்டித் தன் கையாலேயே செய்வது அவருடைய கொள்கை. பெட்டியில் வரும் பாகங்களை வாங்கி ஒட்டுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

அப்படி மதிக்கப்படாதவர்களில் முதல் ஆள் ஹரிகிருஷ்ணன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கைநிறையச் சம்பளம், ஜெர்மனியிலிருந்து வரும் பெட்டிகள். போன வருஷம் சென்னை மாடல் ரயில் சங்கத்தின் கண்காட்சியில் பாலசுப்ரமணியனின் என்ஜின் முன்னால் அவர் குனிந்தார், சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார், "பாலா சார், ஹாரன் வலப்பக்கம் இல்ல வரணும்?" என்று பணிவாகக் கேட்டார். கடுகளவு ஹாரன். அதற்காகக் கோப்பை ஹரிகிருஷ்ணன் வீட்டுக்குப் போய்விட்டது. பாலசுப்ரமணியன் ஒரு மாதம் யாரோடும் முகம்கொடுத்துப் பேசவில்லை. இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது.

லோகநாயகி அந்த இழவு வீட்டிலேயே பஞ்சாயத்தைக் கூட்டினாள். "என்னங்க, இதோ பாருங்க. அடுத்த வருஷம் முதல் பரிசு வாங்கிட்டா அந்த ரூம் உங்களுக்கு. நான் வாயே திறக்கமாட்டேன். வாங்கலையா, மேஜை பால்கனிக்குப் போயிடணும். பொண்ணு அங்க உக்காந்து படிப்பா." பாலசுப்ரமணியன் ஒப்புக்கொண்டார். பால்கனியில் துணி காயும், கடல் காற்றில் உப்பு பறக்கும், பித்தளைத் தகடு பச்சை பூத்துவிடும். அறை போனால் என்ஜினும் போயிற்று என்று அவருக்குத் தெரியும்.

இந்தத் தடவை யாரும் குறை சொல்ல முடியாத என்ஜினாக வேண்டும் என்று தேடினார். யாரும் பார்த்திராத என்ஜினாக இருந்துவிட்டால் எவன் குறை சொல்வான்? விஞ்ஞானி அல்லவா, யோசனை அப்படிப் போனது. கடைசியில் அகப்பட்டது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் எப்போதோ மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையின் டீசல் ஷண்டிங் என்ஜின். மீட்டர்கேஜில் சரக்குப் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்த குட்டி வண்டி. அதன் ஒரே படம் தேசப்பன் என்பவரிடம் இருந்தது. தேசப்பன் அந்தத் தொழிற்சாலை கேட்டில் டைம் கீப்பராக இருந்தவர்.

"இன்னா சார், பஸ் மூஞ்சியையா கேக்கறீங்கோ?" என்று தேசப்பன் சிரித்தார். "அது பேஜாரு புடிச்ச வண்டி சார். லாரிக்காரன் ஒருத்தன் வந்து இட்ச்சி கேபினே அப்பளமாப் பூட்ச்சி. ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினா எப்ப வரும்னு தெரியாது. மொதலாளி இன்னா பண்ணாரு, பஸ் பாடி கட்டறவனாண்ட குட்த்துட்டாரு. அவன் பஸ்சாவே கட்டிட்டான்."

உண்மைதான். படத்தில் டீசல் என்ஜினின் உடம்பில் டவுன் பஸ்ஸின் தலை உட்கார்ந்திருந்தது. வளைந்த கூரை, சறுக்கித் திறக்கும் கண்ணாடி ஜன்னல்கள், ஏறும் இடத்தில் 'படியில் நின்று பயணம் செய்யாதீர்' என்ற எழுத்து. பழக்கதோஷத்தில் பெயின்டர் எழுதிவிட்டான் போலிருக்கிறது. ரிப்பேர் முடிந்ததைக் காட்டக் கம்பெனி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரிஜினலைத் தேசப்பன் கொடுக்க மறுத்துவிட்டதால் பாலசுப்ரமணியனுக்கு ஜெராக்ஸ்தான் கிடைத்தது. அதில் பாதி இடம் கரி அப்பியது போல இருந்தது.

அந்த ஜெராக்ஸில்தான் பாலசுப்ரமணியன் அதைக் கண்டார். என்ஜினின் முன்பக்கக் கைப்பிடிக் கம்பிக்குக் கீழே, ஒரு கயிறு போன்ற குழாயில், உருண்டையாக ஒரு பொருள். அதன்மேல் இரண்டு கறுப்பு வட்டங்கள். வட்டங்களுக்குக் கீழே வெள்ளையாக, வரிசையாகச் சில கோடுகள். உலகத்தில் வேறு எந்த டீசல் என்ஜினிலும் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவருக்குப் புல்லரித்துவிட்டது.

"ஐயா, இது பிரேக்குக்கான துணைக் காற்றுத் தொட்டிதானே?" என்று தேசப்பனைக் கேட்டார்.

தேசப்பன் தன் சர்வீஸில் அந்த என்ஜின் பக்கத்தில்கூடப் போனவரில்லை. ஆனால் கல்பாக்கத்திலிருந்து இவ்வளவு பெரிய ஆபீசர் ஸ்கூட்டரில் வந்து, பெண்டாட்டி எதிரில் 'ஐயா' என்று கூப்பிட்டுக் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல எந்த மனுஷனுக்கு வாய் வரும்? "அத்தேதான் சார். அதுக்குள்ள காத்து கீது."

"மத்த என்ஜின்ல இல்லையே, இதுக்கு மட்டும் ஏன்?"

"இதுக்கு மட்டும் காத்து பத்தாது சார்."

இதைவிட என்ன சான்று வேண்டும்? பாலசுப்ரமணியன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். பித்தளைத் தகட்டின் பின்பக்கத்தை மழுங்கிய ஊசியால் குத்திக் குத்தி, முன்பக்கம் ஆணித் தலைகளைப் புடைக்க வைத்தார். இன்ஜெக்‌ஷன் ஊசியை நறுக்கிப் புகைக் குழாய் செய்தார். கெட்டுப்போன டேப் ரெக்கார்டரின் மோட்டார் உள்ளே போனது. 'படியில் நின்று பயணம் செய்யாதீர்' என்பதை ஒற்றை முடி பிரஷ்ஷால், மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினார். கை சுத்தம் என்றால் அப்படி ஒரு கை சுத்தம், அதில் மட்டும் அவரைக் குறை சொல்லக் கூடாது. காற்றுத் தொட்டியை மிளகைவிடச் சின்னதாகக் கடைந்து, இரண்டு வட்டங்களையும் பிரஷர் கேஜ்களாகச் செதுக்கினார். கோடுகள் சூடு தணிக்கும் கூலிங் ஃபின்கள் என்று முடிவாயிற்று. காற்றுத் தொட்டிக்கு எதற்குச் சூடு தணிக்க வேண்டும் என்று அவருக்குள் இருந்த விஞ்ஞானி ஒரு நிமிஷம் கேட்டான். பரிசு கேட்ட மனிதர் அவனை அடக்கிவிட்டார்.

ஒருநாள் காப்பி கொண்டுவந்த வைஷாலி, பூதக்கண்ணாடிக்கு அடியில் கிடந்த ஜெராக்ஸை எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"ஆக்ஸிலரி ஏர் ரிசர்வாயர். சொன்னா உனக்குப் புரியாது. போய்ப் படி."

அவள் போய்ப் படித்தாள்.

கண்காட்சிக்குச் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தைப் பிடித்திருந்தார்கள். நடுவர் ராஜாராம், ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயரானவர். பஸ் மூஞ்சி முன்னால் வந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹரிகிருஷ்ணன் லென்ஸை எடுத்தார். மேஜை பாலசுப்ரமணியன் கண்ணெதிரே பால்கனியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"இது என்ன உருண்டையா?" என்றார் ராஜாராம்.

"துணைக் காற்றுத் தொட்டி சார். இந்த ஒரு என்ஜினுக்குத்தான் இருந்தது."

ராஜாராம் கண்ணை மூடித் தலையாட்டினார். தனக்குத் தெரியாத ஒன்று ரயிலில் இருக்கிறது என்பதை அவர் சர்வீஸில் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, ரிட்டயரான பிறகா ஒப்புக்கொள்வார்? "சின்ன ஷண்டருக்கு ஏர் பத்தாதுன்னு நாங்க அப்பவே ஃபைல் போட்டோம். மேல ஒருத்தரும் கேக்கல. ஒரு பிரைவேட் கம்பெனிக்காரன் கேட்டிருக்கான் பாருங்க."

இப்போது எல்லாரும் ஹரிகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல அவருக்கு அது நல்ல வாய்ப்பு. சொன்னால் அந்த என்ஜினையே பார்த்ததில்லை என்று ஆகிவிடுமே! "நான் நேரிலயே பார்த்திருக்கேன் சார்," என்றார். "சின்ன வயசுல செங்கல்பட்டு ட்ரெயின்ல போறப்ப. ஆனா இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்த மாதிரி ஞாபகம்."

"இல்லை, சைஸ் இதுதான்," என்று ராஜாராம் அடித்துச் சொன்னார்.

கோப்பை பாலசுப்ரமணியனுக்கு. முட்டுக்காட்டுப் பாலத்தில் பஸ் போகும்போது மடியில் கோப்பையும் கையில் என்ஜின் பெட்டியுமாக அவர் தனக்குள் சிரித்ததைப் பார்த்து, பக்கத்து சீட்டு ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

லோகநாயகி சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள், அறையைப் பற்றி மூச்சு விடவில்லை. பந்தயத்தில் தோற்றாலும் புருஷன் ஜெயித்த பெருமை அவளுக்கு இல்லாமல் போகுமா? மொத்த பிளாக்கும் வந்து கோப்பையைத் தூக்கிப் பார்த்தது. எதிர் வீட்டு சகுந்தலா மட்டும் "இதுக்கா இவ்ளோ பெரிய கப்பு!" என்று இரண்டு தடவை சொன்னாள். லோகநாயகிக்கு அது சரியாகப் படவில்லை. மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள்.

அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த பாலசுப்ரமணியன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிலைப்படிக்கு மேலே, கயிற்றில், உருண்டையாக ஒரு வெள்ளைப் பூசணிக்காய் தொங்கியது. அதில் பெரிய கறுப்புக் கண்கள் இரண்டு. கண்களுக்குக் கீழே வெள்ளையாக, வரிசையாகப் பற்கள்.

பிரஷர் கேஜ்கள். கூலிங் ஃபின்கள்.

"சகுந்தலா கண்ணு பொல்லாத கண்ணு," என்று உள்ளேயிருந்து லோகநாயகி சொன்னாள். "திருஷ்டி படாம இருக்கட்டும்."

லாரி இடித்து நசுங்கிய வண்டி. கண்ணுபட்டுவிட்டது என்று எந்தப் புண்ணியவானோ பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை தொங்குவதை இத்தனை வருஷமாகப் பார்த்தும், ஒரு ஜெராக்ஸில் பார்த்தபோது அவருக்குத் தெரியவில்லை. பாலசுப்ரமணியனுக்கு அவமானத்தில் காது சுட்டது. மேலே நிமிரவும் வெட்கம், உள்ளே போகவும் வெட்கம்.

வைஷாலி சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். ஒரு கையில் இயற்பியல் புத்தகம்.

"பூசணிக்காதானேப்பா?" என்றாள் மெதுவாக.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காப்பி கொண்டுவந்தேனே, அன்னிக்கே. சொல்ல வந்தேன். போய்ப் படின்னீங்க."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை." அவள் அந்த அறைக் கதவைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். "எங்க உக்காந்து படிக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

பெண்ணை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று பாலசுப்ரமணியனுக்கு நெஞ்சு எரிந்தது. கோப்பை இருக்க வேண்டும், பெயர் இருக்க வேண்டும், ஹரிகிருஷ்ணன் முகத்தில் விழிக்க வேண்டும். சரி என்று தலையை ஆட்டினார். வைஷாலி நேரே போய்க் கதவிலிருந்த அட்டையைக் கழற்றினாள்.

ஹாலில் போன் அடித்தது. ஹரிகிருஷ்ணன்தான்.

"பாலா சார், அந்த ரிசர்வாயரைப் பத்தி லண்டன் பத்திரிகை ஒண்ணுக்குக் கட்டுரை எழுதறேன். உங்க பேரையும் போட்டுடறேன். டிராயிங்ல ஒரு சின்ன சந்தேகம். மாடல்ல லென்ஸ் வச்சும் எண்ண முடியல. நிஜ வண்டியில கூலிங் ஃபின் மொத்தம் எத்தனை?"

உண்மையைச் சொல்லிவிட இதுதான் கடைசி வாய்ப்பு என்று பாலசுப்ரமணியனுக்குத் தெரிந்தது. "ஒரு நிமிஷம்" என்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். வைஷாலி பெருமூச்சு விட்டாள். வாசலுக்குப் போய், நுனிக்காலில் எம்பி, பூசணிக்காயின் வாயை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"மேல ஆறு, கீழ அஞ்சுப்பா," என்றாள்.

பாலசுப்ரமணியன் கையை எடுத்தார். "எழுதிக்கோங்க ஹரி. பதினொண்ணு."