ஏழாம் கூண்டில் நிற்பவர்

எங்கள் வெல்டிங் ஷாப்பில் ரோபோக்களைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை அடித்திருக்கும். அதைக் கூண்டு என்போம். ரிப்பேர் பார்க்க உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், முதலில் கதவுக் கொண்டியில் தன்னுடைய சிவப்புப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டில் அவரவர் போட்டோ ஒட்டியிருக்கும். சாவி அவரவரிடம். பூட்டு தொங்குகிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்; ரோபோ அசையாது. வேலை முடிந்து வெளியே வந்ததும், மாட்டிய கைதான் அதைத் திறக்க வேண்டும். மேனேஜரே கேட்டாலும் சாவியைக் கொடுக்கக் கூடாது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கத்துவேன். "அவசரம்னு சாவிய இன்னொருத்தன் கைல குடுத்தீனா உன் கைகாலுக்கு நான் கேரண்டி கெடையாது" என்பேன். ஒரகடத்தில் எங்கள் ஷாப்பில் யாரைக் கேட்டாலும் 'பூட்டு ஷாலின்' என்றால்தான் தெரியும்.

வேல்ராஜ் அண்ணா எங்களுக்கெல்லாம் சீனியர். ரோபோ புரோகிராம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்லோவாக்கியாவில் ஒரு கார் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. கடைசி நாள்கூட ஏழாம் கூண்டுக்குள் ஏதோ நோண்டிக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்தவரைக் கேக் வெட்டச் சொல்லி, போட்டோ எடுத்து, தோளில் தூக்கிக்கொண்டு போய் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பூட்டு கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் லைன் ஓடவில்லை. அவர் அப்போது விமானத்தில் இருந்தார், சாவி அவர் பேன்ட் பாக்கெட்டில். விதிப்படி உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்து, ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பூட்டை கட்டரால் வெட்டினார்கள். யார் மேலும் தப்பு சொல்ல முடியாது.

அன்றிலிருந்துதான் அது ஆரம்பித்தது. கூண்டுக்குள் தரையோடு ஒட்டி ஒரு லேசர் ஸ்கேனர் இருக்கிறது. உள்ளே யாராவது நின்றால் அவர்களுடைய கால்களை வெளியே ஸ்கிரீனில் புள்ளிகளாகக் காட்டும்; புள்ளி மறையும்வரை ரோபோ கிளம்பாது. ஏழாம் கூண்டில், தினமும் காலை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது, பாகங்களைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சருக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. ஸ்கேனரை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். புழுதி, எண்ணெய்ப் புகை, கம்பியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் என்று நான் நாளுக்கொரு காரணம் சொன்னேன். புள்ளிகள் இரண்டும் அங்கேயே நின்றன.

திருநெல்வேலிப் பக்கத்து டெக்னீசியன் இசக்கிபாண்டிதான் ஒருநாள் கதவோரம் நின்று, "அண்ணே, ஷிப்டு ஆரம்பிச்சாச்சு, வெளிய வாங்க" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். புள்ளிகள் மறைந்தன. அதன் பிறகு தினமும் காலையில் யாராவது கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

"நீயெல்லாம் படிச்சவனாடா?" என்று அவனைத் திட்டியிருக்கிறேன். அவன் லீவு போட்ட ஒருநாள் லைன் நின்றுவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நானே மெதுவாகக் கூப்பிட்டேன். லைன் ஓடியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் எனக்கும் அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. விசா, வீடு, அங்கே என்ன துணி எடுத்து வர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் வேல்ராஜ் அண்ணாதான் வீடியோ காலில் வழி சொன்னார். சொன்னாரே தவிர, மனுஷர் பழைய மனுஷராக இல்லை. கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டு வைத்து சண்டை போட்டவர் அவர்.

"சாப்ட்டீங்களாண்ணா?"

"சாப்பிட்டேன். ருசிதான் ஒண்ணும் தெரியல."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்தே கிடந்தது. அவர் அரைக்கை பனியனில் உட்கார்ந்திருந்தார்.

"குளிரலையா?"

"எல்லாரும் குளிருதுங்காவ. எனக்குத் தெரியலம்மா" என்றார் சாவகாசமாக. தனிமை, வேறென்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, குன்றத்தூரிலிருந்து அவர் மனைவி கனகலட்சுமி பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணாவுக்குக் கொடுக்கச் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்றை நீட்டினார்.

"நேர்ல பாத்துட்டு எங்கிட்ட உள்ளதச் சொல்லணும் ஷாலின். தெனமும் பேசுதாரு. ஆனா ஒரு கோவம் இல்ல, ஒரு கொஞ்சல் இல்ல. புள்ள அழுதா சும்மா பாத்துக்கிட்டே இருக்காரு. எம்புருசன் அங்க போய்ச் சேரவே இல்லையோன்னு இருக்கு."

என் அம்மா சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டார். கனகலட்சுமி போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடி இது, நீயும் அந்த மாதிரி ஆய்டப் போற. போவாதடி."

"சும்மா இரும்மா" என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கும் பயம்தான். நான் முழுசாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அண்ணாவை அந்தக் கூண்டுக்குள் அப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

என் கடைசி நாள், சனிக்கிழமை, டீ டைமில் லைன் நின்றதும், ஏழாம் கூண்டின் கொண்டியில் என் பூட்டை மாட்டினேன். சாவி வளையத்தை விரலில் போட்டுக்கொண்டேன். ஃபோனை உள்ளே கொண்டு போகக் கூடாது; கொண்டு போனேன். கடைசி நாளில் என்னை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? இசக்கி வெளியே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணா வீடியோவில் வந்தார். ஃபோனைச் சுற்றிக் காட்டினேன்.

"இது நம்ம ஏழாவதுல்லா?" என்றார். ஃபோனுக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "அந்த ஃபிக்ஸ்சர் பக்கத்துலதான் நின்னேன். இன்னும் அங்கதான் நிக்கேன் போல இருக்கு."

நான் அந்த இடத்துக்குப் போய் நின்றேன். வெளியிலிருந்து இசக்கியின் குரல் உடைந்து வந்தது. "யக்கா... நாலு காலு தெரியுது."

என்னிடம் இருப்பது அந்த ஒரு குரல்தானே, அதட்டலாகவே சொன்னேன். "அண்ணா, எழுந்திரிங்க. என்கூட நடந்து வாங்க. கேக்கெல்லாம் வெட்டியாச்சு, இங்க இன்னா வேலை உங்களுக்கு?"

அவர் அங்கே தன் அறையில் எழுந்து நடப்பது தெரிந்தது. நானும் நடந்தேன். கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. வெளியே வந்ததும் திரும்பி, ஒரு கையால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்குப் பின்னால் இன்னொருவர் வருகிறார் என்பதுபோல. முழங்கையை ஏதோ உரசிக்கொண்டு போனது.

"கிளியர்! ஸ்க்ரீன் கிளியர் யக்கா!" இசக்கி குதித்தான்.

ஃபோனில் அண்ணா விசும்பிக்கொண்டிருந்தார். "ஏ ஷாலின், குளிருது. ஐயோ, இப்படியா குளிரும்! இரு, ஜன்னலச் சாத்திட்டு வாறேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கம் சூப்பர்வைசர் லைனை ஓட்டச் சொல்லிக் கத்தினார். "சாவி யக்கா" என்று இசக்கி கை நீட்டினான். ஒரு கையில் ஃபோன், அதில் அண்ணா அழுகிறார். விரலிலிருந்த சாவியை அவனிடம் நீட்டினேன். அவன் பூட்டைத் திறந்தான். லைன் ஓடியது.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்தில் அம்மா அழுதுகொண்டே வழியனுப்பினார். உள்ளே போய் இமிக்ரேஷன் முடித்து உட்கார்ந்ததும் கனகலட்சுமி ஃபோன் செய்தார். "நேத்து எங்கிட்ட ஒரு மணிநேரம் சண்ட போட்டாரு ஷாலின்! புள்ளைக்கு ஏன் முடி வெட்டலன்னு." சிரிப்பும் அழுகையுமாக அவருக்குப் பேச வரவில்லை.

அம்மா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தைச் சந்தோஷமாகப் பிரித்தேன். இரண்டு வாய் தின்றதும் அம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னாம்மா, பொடில உப்பு, காரம் ஒண்ணுமே இல்ல?"

"இன்னாடி சொல்ற? இங்க நான் அதையே துன்னுட்டு கண்ணுல தண்ணி வுட்டுகினு கீறேன்."

ஃபோனை வைத்த உடனே இசக்கி கூப்பிட்டான். அவன் குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"யக்கா, ஏழாவதுல ரெண்டு காலு தெரியுது."

"அண்ணாவக் கூப்ட்டியா?"

"கூப்பிட்டுப் பாத்தேன். போவல." அப்புறம் கேட்டான். "யக்கா, அன்னைக்கு ஒங்க பூட்டத் தெறந்தது நாந்தானே."

ஊருக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவள் நான். வாயிலிருந்த இட்லியை விழுங்கினேன். அது உள்ளே போனதே தெரியவில்லை.

"என் பேரச் சொல்லிக் கூப்புடு."

"ஷாலினக்கா, வெளிய வாங்க" என்று அவன் கூண்டைப் பார்த்துக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. என்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். ஃபோனில் ரோபோக்கள் கிளம்பும் சத்தம் வந்தது.

"போயிருச்சு யக்கா. லைன் ஓடுது. ஆனா நாளைக்கும்..."

"தெரியும். தெனமும் கூப்புடு, மறந்துடாத." என் விமானத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லி அறிவித்தார்கள். இசக்கியும் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"டேய் இசக்கி, நீ கெளம்புறப்ப உள்ள போய் என்னையும் கூட்டிகினு வெளிய வந்துடு" என்றேன். "ஆனா உன் பூட்ட நீயே தொற."